பை மண்ணின் சங்கதி

(பழக்கன்று வளர்ப்போரும் புதிதாகத் தோட்டம் போட இருப்போரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சந்தூர்ப் பக்கமோ பெரியகுளம் பக்கமோ மாங்கன்று வாங்கப் போகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். என்ன ரகம்? ஒட்டுக் கட்டி எத்தனை மாதம் ஆகிறது? எத்தனை வருஷத்தில் காய்க்கும்? நூறு கன்றாக எடுத்தால் விலையில் எவ்வளவு குறைப்பீர்கள்? கன்றைத் தூக்கி இலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். பைக்குள் என்ன மண் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறவரை நான் அதிகம் கண்டதில்லை. அப்படியே கேட்டாலும், "நல்ல செம்மண்தாங்க" என்று பதில் வரும், கேட்டவரும் திருப்தியாகிவிடுவார். அந்தத் திருப்தியைக் கொஞ்சம் கலைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

நிலத்தில் நல்ல மண்ணாக இருப்பது பையிலும் நல்ல மண்ணாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் இருப்பதில்லை. தோட்டத்து மண்ணுக்கு அடியில் இன்னும் மண் இருக்கிறது. மழை பெய்தால் நீர் இறங்கிக்கொண்டே போகும். கீழே இருக்கிற மண் மேலே இருக்கிற நீரை இழுத்துக்கொள்ளும். மண்புழு துளைத்த வழி இருக்கும், பழைய வேர் மக்கிப்போன வழி இருக்கும், கோடையில் விட்ட வெடிப்பு இருக்கும். பைக்குள் இதெல்லாம் ஏது? முக்காலடியில் மண் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வெறும் காற்று. மண் துகள்களுக்கு நடுவில் பிடிபட்ட நீர் அவ்வளவு லேசில் வெளியே விழாது, தொங்கிக்கொண்டு நிற்கும். மேலே நிற்கிற நீரின் எடை அந்தப் பிடியை மீறினால்தான் ஓட்டை வழியே சொட்டும். அதனால் எந்தப் பையிலும், நீங்கள் எத்தனை ஓட்டை போட்டாலும், அடியில் ஒரு பட்டை சொதசொதவென்றுதான் நிற்கும்.

இதை வாயால் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்று பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். இதோ, வாளியில் முக்கி எடுக்கிறேன். படுக்கை வாட்டில் பிடித்திருக்கிறேன். சொட்டுகிறது… சொட்டு நின்றுவிட்டது. இனி வராது என்று நினைக்கிறீர்கள். இப்போது இதை நெட்டுக்குத்தாக நிமிர்த்துகிறேன். பாருங்கள், மறுபடியும் ஊற்றுகிறது! நான் பிழியவில்லை. ஸ்பாஞ்சும் அதேதான், நீரும் அதேதான். உயரம் ஒன்றுதான் மாறியது. படுத்திருந்தபோது முழுவதும் ஈரமாக இருந்தது, நிமிர்ந்ததும் மேல் பாதியில் காற்று புகுந்துவிட்டது.

உங்கள் பைக்கும் கணக்கு இதுதான். ஒரு மண் கலவையில் அடியில் நிற்கிற ஈரப்பட்டை இரண்டு அங்குலம் என்று வையுங்கள். அதே கலவையை நான்கு அங்குலத் தட்டில் போட்டால் பாதி வேர் நீரில் நிற்கும். பத்து அங்குலப் பையில் போட்டால் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே "நல்ல கலவை எது?" என்று என்னிடம் ஒற்றை வரியில் கேட்காதீர்கள். எவ்வளவு உயரமுள்ள பைக்கு என்று சேர்த்துக் கேளுங்கள். பை குட்டையாகக் குட்டையாக, கலவை பருமனாகவும் பொலபொலப்பாகவும் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் எழுந்து, "அடியில் ரெண்டு அங்குலம் ஜல்லி போட்டால் நீர் வடிந்துவிடாதா?" என்பார். நம் வீடுகளில் தலைமுறையாகச் செய்கிற வேலை அது. வடியாது. பொடி மண்ணிலிருந்து பருங்கல்லுக்குள் நீர் இறங்குவதற்கு, மேலே இருக்கிற மண் முழுக்க நனைந்து நிரம்ப வேண்டும். அதுவரைக்கும் ஈரப்பட்டை ஜல்லியின் தலையில் உட்கார்ந்திருக்கும். அடியில் இருந்த சேற்றை இரண்டு அங்குலம் மேலே தூக்கி வேருக்குப் பக்கத்தில் வைத்ததுதான் மிச்சம். ஓட்டை வழியாக மண் வெளியே போகாமலிருக்க ஒரு ஓட்டாஞ்சில்லு வைப்பது வேறு சங்கதி, அதை வையுங்கள்.

காற்றுக்காக இவ்வளவு பேசுவானேன் என்றால், வேரும் மூச்சு விடுகிற உறுப்பு. நீர் தேங்கிய இடத்தில் வேர்நுனி கறுத்துச் செத்துப்போகும். வேர் செத்தால் நீரை உறிஞ்ச ஆளில்லை, இலை தொங்கும். இலை தொங்குவதைக் கண்டதும் நாற்றுப்பண்ணையில் வேலை செய்கிறவர் என்ன செய்வார்? காய்கிறது என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றுவார். பண்ணைகளில் தாகத்தில் செத்த கன்றைவிட இப்படி மூச்சு முட்டிச் செத்த கன்றுதான் அதிகம் என்பது என் கணிப்பு.

இனி கலவைக்கு வருவோம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழுஉரம் ஒரு பங்கு. இதை வேதவாக்காகவே நம் ஆட்கள் வைத்திருக்கிறார்கள். சிலர் மூன்றையும் சம பங்காகப் போடுவார்கள். இந்த மாதிரி அளவு போட்டுக் கலக்கும் பழக்கம் அறிவியல் முறையில் வந்த கதை சுவையானது. 1930களில் லண்டனை அடுத்த மெர்ட்டன் என்ற ஊரில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனம் இருந்தது. மரபியல் ஆராய்ச்சிக்காகச் சீனத்துப் பிரிமுலா என்ற பூச்செடியை அங்கே வளர்த்தார்கள். நாற்றுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு கலவை, அதிலும் ஆளுக்கொரு ரகசியம் என்று வைத்திருந்தார்கள். லாரன்ஸ், நியூவெல் என்ற இருவர் இந்த ரகசியங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, மண்ணை நீராவியில் வேகவைத்து நோய்க்கிருமியைக் கொன்று, அளந்து கலந்து, வளர்த்துப் பார்த்தார்கள். விதை போட ஒரு கலவை, தொட்டிக்கு மாற்ற ஒரு கலவை என்று முடிவு கண்டார்கள். விதைக் கலவையில் தோட்ட மண் இரண்டு பங்கு, பீட் என்கிற சதுப்புநிலப் பாசி மக்கு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. தொட்டிக் கலவையில் அதுவே ஏழு, மூன்று, இரண்டு. 1939இல் புத்தகமாகப் போட்டார்கள். எந்தச் செடிக்கும் ஏறக்குறைய ஒரே கலவை போதும், மண் சுத்தமாக இருப்பதே முக்கியம் என்பது அவர்கள் கண்டது. பிறகு 1957இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேக்கர் என்பவர் மண்ணையே எடுத்துவிட்டு நுண்மணலும் பீட்டும் வைத்து ஒரு முறையைத் தந்தார். அறுபதுகளில் கார்னெல் பல்கலைக்கழகம் மணலையும் எடுத்துவிட்டு பீட்டோடு வெர்மிகுலைட், பெர்லைட் என்ற லேசான தாதுப் பொருள்களைச் சேர்த்தது. மண் படிப்படியாக வெளியேறியது. எடை குறைந்தது, நோய் குறைந்தது, ஒரே மாதிரி வந்தது.

நாமும் அதே வழியில் மண்ணைக் கைவிட்டுவிடலாமா என்றால், பழமரக் கன்றில் நான் சற்றுத் தயங்குவேன். மாங்கன்றைப் பையைக் கிழித்து எடுக்கும்போது வேரைச் சுற்றி மண்கட்டி உடையாமல் வர வேண்டும். தென்னை நார்த்தூள் மட்டும் போட்டு, வேர் நன்றாகப் பின்னுவதற்கு முன்னே எடுத்தால் பொலபொலவென்று உதிரும், ஒட்டும் ஆடிப்போகும். இதற்குப் பயந்துதான் பண்ணைக்காரர்கள் பிசுபிசுப்பான செம்மண்ணாகத் தேடிப் போடுகிறார்கள். லாரியில் கன்று இருநூறு மைல் போனாலும் மண் உடையாது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டியைக் கையில் எடுத்துப் பிட்டுப் பாருங்கள். செங்கல் சூளைக்குப் போக வேண்டிய சரக்கு மாதிரி இருக்கும். வேர் நடுவில் ஓடியிருக்காது, பையின் ஓரத்தை ஒட்டியே சுற்றியிருக்கும், காற்று அங்கே மட்டும்தான் கிடைக்கிறது என்பதால்.

மணல் சேர்த்தால் இது சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. களி மண்ணில் கொஞ்சம் மணல் போட்டால் ஒன்றும் ஆகாது. மணல் துகளின் இடுக்கைக் களி நிரப்பிக்கொண்டு இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். மணல் பருமனாகவும் நிறையவும் இருந்தால்தான் பலன். இப்போது ஆற்று மணல் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுபடியாவதில்லை. ஆகவே எம்-சாண்டுக்குப் போயிருக்கிறோம். போகட்டும், தவறில்லை. ஆனால் கிரஷரிலிருந்து வருவதில் கல்பொடி நிறைய இருக்கும். அந்தப் பொடி காற்று இருக்க வேண்டிய இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். பூச்சு வேலைக்கு விற்கிற நைஸ் ரகம் நமக்கு வேண்டவே வேண்டாம். பருமனான ரகத்தை வாங்கி, ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் நீரில் கலக்கிப் பாருங்கள். நீர் பால் மாதிரி வெளுத்து அரைமணி நேரம் தெளியாமல் நின்றால், கழுவாமல் பையில் போடாதீர்கள்.

மணலுக்குப் பதிலாக உமிக்கரி நல்ல பொருள். எடை இல்லை, மக்காது, காற்றுக்கு இடம் விடும், அரிசி ஆலைப் பக்கம் மலிவாகவும் கிடைக்கும். சாம்பலாகிப் போனதை எடுக்காமல் கறுப்பாகக் கரியாக நிற்பதை எடுக்க வேண்டும். காரத் தன்மை உண்டு என்பதால் ஒரு மழையில் நனையவிட்டுப் பிறகு சேர்ப்பது நல்லது.

ஒரு கலவையில் காற்று எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா எடுத்து, அடியில் நாலு ஓட்டை போட்டு, ஓட்டையை டேப் ஒட்டி அடையுங்கள். பையில் எப்படி நிரப்புவீர்களோ அப்படியே கலவையை விளிம்புவரை நிரப்புங்கள். இப்போது அளந்த நீரை ஓரமாக மெல்ல மெல்ல ஊற்றுங்கள். மேல்மட்டத்தில் நீர் பளபளவென்று தெரிகிறவரை ஊற்றி, சற்று நேரம் விட்டு, இறங்கியிருந்தால் இன்னும் ஊற்றுங்கள். பிறகு கீழே ஒரு தட்டு வைத்து டேப்பை உரித்துவிடுங்கள். சொட்டு நின்றதும் தட்டில் விழுந்த நீரை அளந்து பாருங்கள். 150 மில்லி விழுந்திருந்தால், அந்தக் கலவையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு காற்று. பதினைந்திலிருந்து இருபதுவரை இருந்தால் பழக்கன்றுக்குப் போதும். ஐம்பது மில்லிதான் விழுந்தது என்றால் அந்தக் கலவையைப் பாத்திக்குக் கொண்டுபோய்க் கொட்டுங்கள், பைக்கு ஆகாது. நம் ஊர் செம்மண் கலவைகளைச் சோதித்துப் பாருங்கள், உங்களுக்கே திக்கென்று இருக்கும்.

இனி நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் சாலையோரம் மலைமலையாகக் கிடந்த கழிவு, இன்று கட்டியாக அழுத்திக் கப்பலில் போகிறது. ஐந்து கிலோ கட்டியை நீரில் ஊறவைத்தால் எழுபது லிட்டர் அளவுக்கு உப்பிவரும். ஈரமும் காற்றும் ஒருசேரப் பிடிப்பதில் இதற்கு இணை குறைவு. ஆனால் இதில் மூன்று வில்லங்கம் உண்டு.

முதலாவது உப்பு. தென்னை உப்பை விரும்பி எடுக்கிற மரம். உப்பங்கழியில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த தூள் என்றால் கேட்கவே வேண்டாம். எலுமிச்சை, மா, வெண்ணெய்ப்பழம் எல்லாம் உப்பைத் தாங்காத சாதி. இலை நுனி கருகினால் பூஞ்சை என்று மருந்தடிப்பார்கள், காரணம் பைக்குள் இருக்கும். உரக்கடைகளிலேயே கிடைக்கிற மின்கடத்துத்திறன் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நார்த்தூளை நல்ல நீரில் கலக்கி வடித்துப் பார்த்தால் எண் 1க்குக் கீழே நிற்க வேண்டும், இளநாற்றுக்கு அதில் பாதி இருந்தால் இன்னும் நல்லது. கூடினால் கழுவ வேண்டும். ஆனால் வெறும் நீரில் கழுவினால் கரைந்து நிற்கிற உப்புதான் போகும். தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கிற சோடியமும் பொட்டாசியமும் போகாது. அவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து உட்கார வேண்டும். அதற்குத்தான் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்துப் பிறகு கழுவுகிறார்கள். "பஃபர் செய்த" தூள் என்று பொட்டலத்தில் போட்டு விலை கூட்டி விற்பது இதைத்தான். கழுவிய நீர் எங்கே போகிறது என்பதும் நம் பொறுப்புதான். கிணற்று ஓரத்தில் கழுவி அந்த உப்பை நாமே மறுபடி இறைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, மக்காத தூள் தழைச்சத்தைத் தின்றுவிடும். பச்சை நார்த்தூளில் கரிமம் 112 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு. அதை மக்கச் செய்கிற நுண்ணுயிர்கள் தழைச்சத்துக்கு எங்கே போகும்? கன்றுக்கு நீங்கள் கொடுத்ததை எடுத்துக்கொள்ளும். கன்று வெளுத்து நிற்கும். இதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த முறை பழையது, எளியது. ஒரு டன் தூளுக்கு ஐந்து கிலோ யூரியா, ஐந்து புட்டி சிப்பிக் காளான் வித்து. தூள் ஒரு அடுக்கு, வித்து ஒரு அடுக்கு, தூள், யூரியா என்று மாற்றி மாற்றி நிழலில் குவித்து ஈரம் காத்து வந்தால், ஒன்றிரண்டு மாதத்தில் கறுத்து மண்வாசனை அடிக்கும். 112 என்பது 24க்கு இறங்கிவிடும். காளான் தின்றுவிட்டுப் போட்ட மிச்சம்தான் கன்றுக்கு உணவு.

மூன்றாவது, காலம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் கலவையைத் தேர்ந்தெடுக்கும் முதல் கேள்வி. கன்று பையில் எத்தனை நாள் இருக்கப் போகிறது? மக்குகிற எந்தப் பொருளும் நாளாக ஆக அமுங்கும், பொடியாகும், காற்று குறையும். பப்பாளியைப் பாருங்கள், இரண்டு மாதத்துக்குள் நிலத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு நார்த்தூள் மக்கும் மண்புழு உரமும் முக்கால்வாசி இருந்தால்கூட ஒன்றும் கெடாது. சப்போட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாலை மரத்தின் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுகிறோம். அந்தப் பாலை விதை முளைத்து, ஒட்டுக் கட்டுகிற பருமனுக்கு வரவே இரண்டு மூன்று வருஷம் ஆகிவிடும். அவ்வளவு காலம் பையில் நிற்கிற கன்றுக்கு இரண்டு மாதக் கலவையைப் போட்டால், முதல் வருஷக் கடைசியில் பையில் பாதி காலி, மீதி சேறு. அதற்கு மக்காத பொருள் பாதிக்கு மேல் வேண்டும்: பருமணல், உமிக்கரி, சரளைச் செம்மண்.

விதையின் குணத்தையும் பார்க்க வேண்டும். மாங்கொட்டை தனக்கு வேண்டிய சோற்றைக் கட்டிக்கொண்டுதான் வருகிறது. பருவம் முடிகிற ஆனி, ஆடியில் பிதுக்கி எடுத்த கொட்டையைத் தள்ளிப்போடாமல் போட வேண்டும், ஒரு மாதம் கிடந்தால் முளைப்பு வெகுவாகக் குறைந்துவிடும். முளைத்துச் செம்பு நிறத் துளிர் விடுகிறவரை அதற்கு வெளியிலிருந்து உரம் எதுவும் தேவையில்லை. அந்தச் சமயத்தில் பச்சைச் சாணியெரு நிறையப் போட்டுவைத்தால் கொட்டை அழுகுவதும், வண்டுப் புழு வந்து இளவேரைக் கடிப்பதும்தான் நடக்கும். குவித்த எருவுக்குள் கையை விடுங்கள். சூடு தெரிந்தாலோ மூக்கில் நெடி ஏறினாலோ அது இன்னும் எருவாகவில்லை. கோழியெரு என்றால் இன்னும் பொறுமை வேண்டும். பப்பாளி விதை சிறியது, கையிருப்பு இல்லாதது, கழுத்து அழுகிச் சாய்வதில் முதல் ஆள். அதற்குச் சுத்தமும் லேசான சத்தும் இரண்டும் வேண்டும். பலா வேறு மாதிரி. ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும், அடியில் முட்டினால் சுருளும், பிறகு பிடுங்கி மாற்றினால் கோபித்துக்கொள்ளும். அதற்குக் கலவையைவிடப் பையின் உயரமே முக்கியம்.

சுத்தம் என்றேன். இதில் நம் பக்கத்தில் நடந்ததையே சொல்கிறேன். பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி, கொய்யாவுக்குப் பேர்போன ஊர். அங்கே கொய்யா மரங்கள் காரணம் தெரியாமல் வெளிறி, இலை செம்பழுப்பேறி, காய்ந்துபோயின. வேரைத் தோண்டிப் பார்த்தால் மணி மணியாக முடிச்சு. நம்மூர்த் தக்காளியிலும் கத்திரியிலும் காண்கிற வேர்முடிச்சு நூற்புழுவின் வகையல்ல அது. மெலாய்டோகைன் என்டெரோலோபி என்ற, அதைவிடக் கொடிய இனம். இந்தியாவில் கொய்யாவில் அது முதலில் பதிவானது அந்தப் பகுதியில்தான், 2016 வாக்கில். பிறகு மாநிலம் மாநிலமாகக் கண்டுபிடித்தார்கள். நூற்புழு தானாக ஒரு வருஷத்தில் நகர்கிற தூரம் அதிகம் இல்லை. மாநிலம் தாண்டுகிறது என்றால் வண்டியேறித்தான் போயிருக்க வேண்டும். வண்டி எது? கன்றும், அதன் வேரோடு சேர்ந்த பை மண்ணும். நோய் வந்த தோப்பில் அள்ளிய மண்ணைப் பையில் நிரப்பி, நூறு ஊருக்கு விற்றால், நூறு ஊருக்கும் நாம்தான் நோயைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். மரம் வைத்த பிறகு அந்தப் புழுவை நிலத்திலிருந்து முழுக்க ஒழிக்க வழியே இல்லை.

ஆரஞ்சிலும் இதே கதை, எதிரி மட்டும் வேறு. நாக்பூர் ஆரஞ்சுத் தோட்டங்களில் அடிமரத்தில் பிசின் வடிந்து வேர் அழுகுவதற்குக் காரணமான பைட்டோப்தோரா கிருமி, பழைய தோட்டத்துக்கு நடுவே பாத்தி கட்டிக் கன்று வளர்த்ததால் நாற்றிலேயே ஏறிவந்தது. நாக்பூரிலுள்ள மத்திய சிட்ரஸ் ஆராய்ச்சி நிறுவனம் பாத்தியை விட்டுவிட்டுப் பைக்கு மாறச் சொன்னது, அதிலும் வெயிலில் சுட்ட மண்ணைப் போடச் சொன்னது. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை நாற்று விடுகிறவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

வெயிலில் சுடுவது என்றேனே, அது நமக்குச் சும்மா கிடைக்கிற வரம். 1976இல் இஸ்ரேலில் காட்டன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எழுதிவைத்த முறை. அவர்கள் நாட்டு வெயிலுக்கு நம் சித்திரை வெயில் எந்த விதத்திலும் குறைச்சலில்லை. கலவையைச் சமதரையில் அரையடி கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரமாக்குங்கள். இது கட்டாயம்; காய்ந்த மண்ணில் கிருமி உறங்கிக்கொண்டு வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும், ஈர மண்ணில்தான் சாகும். மேலே மெல்லிய, ஒளி ஊடுருவுகிற பாலித்தீன் தாளை இழுத்துப் போர்த்தி ஓரமெல்லாம் மண் போட்டு மூடுங்கள். கறுப்புத் தாள் போட வேண்டாம். கறுப்பு தான் சூடாகும், மண்ணைச் சூடாக்குவது குறைவு. நாலிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். மேல்மண் ஐம்பது டிகிரியைத் தொடும். அடிமண்ணுக்கும் அந்தச் சூடு கிடைக்க, நடுவில் ஒருமுறை புரட்டிவிட்டு மறுபடி மூட வேண்டும்.

சுட்டு முடித்த பிறகுதான் பலபேர் கோட்டை விடுகிறார்கள். அதே மண்வெட்டி, அதே செருப்பு, அதே தரை. சுட்ட மண் காலியான வீடு. யார் முதலில் நுழைகிறாரோ அவருக்கு. அதனால் சுட்ட உடனே நல்ல ஆளைக் குடிவையுங்கள். தொழுஉரத்தில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலந்து சில நாள் ஈரத்தில் வளரவிட்டுக் கலவையில் சேருங்கள். நூற்புழு பயம் உள்ள இடத்தில் நூற்புழுவைத் தாக்கும் பர்புரியோசிலியம் பூஞ்சணத்தைச் சேர்க்கலாம். இவற்றை முன்னாலேயே போட்டுவிட்டுப் பிறகு தாள் மூடினால் அவையும் சேர்ந்து வெந்துபோகும். நிரப்பிய பைகளைத் தரையில் வைக்காமல் கல்பரப்பின் மேலோ மேடையின் மேலோ வைத்தால், பக்கத்து மண்ணிலிருந்து எதுவும் ஓட்டை வழியாக ஏறாது.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றியே ஒரு வருஷம் கன்றை நிறுத்தினால், நீங்கள் எவ்வளவு நல்ல கலவை போட்டாலும் அது காரமாகிவிடும். நீரிலுள்ள பைகார்பனேட் செய்கிற வேலை அது. கார அமில நிலை 5.5லிருந்து 6.5க்குள் இருந்தால் இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்கும். எட்டுக்கு ஏறினால் சத்து மண்ணில் இருந்தும் கிடைக்காது. எலுமிச்சை நாற்றில் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் வருவது பெரும்பாலும் இதுதான். கூரைநீரைத் தொட்டியில் பிடித்து நாற்றுக்கென்று ஒதுக்கிவைக்க முடிந்தவர்கள் கட்டாயம் செய்யுங்கள். உரம் என்றால் துளிர் முற்றிய பிறகு, கடையில் "ஆல் 19" என்று கேட்டு வாங்குகிற கரையும் உரத்தை லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கரைத்து அவ்வப்போது கொடுத்தால் போதும். பைக்குள் யூரியா குருணையை வீசுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, கன்று வாங்குகிறவர்களுக்கு. நார்த்தூள் மட்டும் போட்டு வளர்ந்த கன்றைக் களிமண் நிலத்தில் அப்படியே நட்டால் இரண்டுக்கும் ஒட்டுறவு இருக்காது. சுற்றியுள்ள களி, பஞ்சு போன்ற அந்தக் கட்டியிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். குழியைச் சுற்றி ஈரம் இருக்கும், கட்டி உள்ளே காய்ந்து கிடக்கும். நட்ட முதல் ஒரு மாதம் நீர் நேராகத் தண்டடியில், வேர்க்கட்டியின் மேலேயே விழ வேண்டும். சொட்டுநீர்க் குழாயை ஒன்றரை அடி தள்ளி வைத்துவிட்டுக் கன்று ஏன் வாடுகிறது என்று கேட்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். வேர் ஓரத்தில் வளையமாகச் சுற்றியிருந்தால், நடுவதற்கு முன் கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். அடியில் சுருண்ட வேரைக் கத்தரித்துவிடுங்கள். அப்படியே நட்டால் அந்த வளையம் மரத்தோடு சேர்ந்து பருத்து, பத்து வருஷம் கழித்து ஒரு காற்றில் மரம் வேரோடு சாயும்போதுதான் தெரியவரும்.

அதனால் நூறு கன்று வாங்கப் போகிறவர்கள் நூற்றோரு கன்றுக்குக் காசு கொடுங்கள். நீங்களே வரிசையின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து, பண்ணைக்காரர் கண்ணெதிரே பையைக் கிழியுங்கள். மண்ணை உதிர்த்து வாளி நீரில் வேரை அலசுங்கள். நுனி வெள்ளையாக இருக்கிறதா, முடிச்சு இருக்கிறதா, நடுவில் வேர் ஓடியிருக்கிறதா, அழுகல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் மற்ற நூறையும் வண்டியில் ஏற்றுங்கள். கிழிக்க விடமாட்டேன் என்று சொல்கிற பண்ணையில் ரகம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் வாங்காமல் திரும்பி வாருங்கள்.

இப்போது கேள்விகளுக்கு வருவோம். முன்வரிசையில் அந்த அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கியிருக்கிறார்கள்.